யாரோ ஒரு ஆளின் வழக்கு

அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட வேண்டும். முப்பத்தொரு வருடம் அரசியலமைப்புச் சட்டம் படிப்பித்தவன் நான். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதேங்கோ என்று ஒவ்வொரு வருடமும் மேசையில் தட்டிச் சொன்னவன். மாதம் கடந்துவிட்டால் கடவுளே உங்கள் கட்சிக்காரராக வந்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது என்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்படியான ஒரு மாதம் என் வீட்டு விறாந்தையில், என் கண்ணுக்கு முன்னால், ஒரு பெண்ணின் கையை விட்டுப் போனது. போனது நாட்கள் மட்டுமென்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவருடைய வேலை அந்த நாட்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பிறவிச் சந்தேகக்காரன் என்பது என் மனைவியின் தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை. என்னை இப்படி ஆக்கியது என் தொழில். ஒருவரையொருவர் முழுதாக நம்பும் மனிதர்களுக்கு அரசியலமைப்பு எதற்கு? ஜனாதிபதியை நம்பாதவர்கள் ஒரு உறுப்புரையை எழுதினார்கள், பாராளுமன்றத்தை நம்பாதவர்கள் இன்னொன்றை எழுதினார்கள். அதைப் படிப்பிக்கிறவன் மட்டும் வெள்ளை மனதோடு இருக்க வேண்டுமாம்.

போர்க்காலத்தில், கொழும்பில், விரிவுரை முடிந்து படியிறங்கும்போது ஒருவன் பின்னால் வந்தான். மாணவர்களை விடச் சற்று வயது கூட. "சேர், சும்மா ஒரு கேள்வி. ஒரு ஆள் இப்படிச் செய்தால் சட்டம் என்ன சொல்லும்?" என்று தொடங்கினான். கேள்வி கேட்டால் எனக்கு வாய் மூடாது. அரை மணித்தியாலம் படியிலேயே நின்று கதைத்தேன். இரண்டு கிழமை கழித்து என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான் கதைத்த அரை மணித்தியாலமும் தட்டச்சில், நான் இடையில் சிரித்த இடம் உட்பட, மேசையில் இருந்தது. அடிக்கவில்லை, அதட்டவில்லை. வாசித்துக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள். அன்றிலிருந்து யாராவது 'ஒரு ஆள்' என்று கதையைத் தொடங்கினால் அவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது.

ஓய்வு பெற்றதும் திருகோணமலைக்கு வந்தோம். விறாந்தையில் இருந்தால் உட்துறைமுகம் தெரியும். கப்பலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்தது கப்பலை அல்ல. எதிர்ப்பக்கம் ஒரு முச்சக்கரவண்டி ஏன் எந்நேரமும் சவாரி இல்லாமல் நிற்கிறது என்று பார்த்தேன். மதிலோரம் தூண்டில் போடுகிறவனுக்கு ஏன் ஒரு மீன்கூட அகப்படுவதில்லை என்று பார்த்தேன். "தெருவில திரிஞ்சு வாழைக்குருத்துத் தின்ன வாற மானையும் ஆரோ அனுப்பித்தான் வருகுதோ?" என்று மனைவி கேட்டாள். இந்த ஊரில் எதற்கும் உறுதியாக 'இல்லை' என்று சொல்லிவிட ஏலாது.

பக்கத்து வீட்டின் பின்னறையில் மூதூர்ப் பெண் ஒருவர் வாடகைக்கு இருந்தார். நாற்பது தாண்டிய முஸ்லிம் பெண். துறைமுகப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை, வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்ததில் என் மனைவியோடு நல்ல பழக்கம். என்னோடு மதிலுக்கு மேலால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

அவர் ஒருநாள் பின்னேரம் என்னைத் தேடியே வந்தார். கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்ததை நான் உடனே கவனித்துவிட்டேன்.

"சேர், ஒரு ஆளுக்கு ஒரு பிரச்சினை" என்றார்.

நான் எட்டி எதிர்ப்பக்கத்து முச்சக்கரவண்டியைப் பார்த்தேன்.

அந்த ஆள் ஓர் அலுவலகத்தில் பதினொரு வருடம் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறாராம். நிரந்தரமாக்கும் பெயர்ப்பட்டியல் இப்போது சுவரில் ஒட்டியாகிவிட்டதாம். பின்னால் வந்து சேர்ந்தவர்களுடைய பெயரெல்லாம் இருக்கிறது, இந்த ஆளுடைய பெயர் இல்லை. வருட முடிவில் ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது நியாயமா, ஏதும் செய்யலாமா என்று கேட்டார்.

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற உறுப்புரையைக் கேட்ட முதல் கிழமை மாணவன்கூட இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பான். நான் எந்த அலுவலகம் என்று கேட்டேன். ஏதோ ஒரு அலுவலகம் என்றார். அந்த ஆள் நீங்கள்தானா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நான் சந்தேகப்படுவது அவருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது எழுதும்போது விளங்குகிறது. "அது பல விடயங்களைப் பொறுத்தது" என்று சொல்லி அனுப்பினேன். சட்டம் படித்தவன் வாயைத் திறக்காமல் பேசுவதற்கு இதைவிட நல்ல வசனம் இல்லை.

மறுகிழமையும் வந்தார். இம்முறை கேள்விகள் ஒழுங்காக இருந்தன, யாரோ எழுதிக் கொடுத்ததுபோல. அந்த ஆள் வேறு சமூகத்தவராக இருந்தால் அது வழக்குக்கு உதவுமா, கெடுக்குமா என்று கேட்டார். இதோ வந்துவிட்டது அரசியல் என்று நினைத்தேன். தூண்டிலில் இரை குத்தியாகிவிட்டது, நான் வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. ஆகவே சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை கொழும்புக்குப் போகிறேன், ஒரு தூதரகத்தில் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று பேச்சோடு பேச்சாக ஒரு பொய்யை விட்டேன். அவரிடம் மட்டும் சொன்னேன். இனி யாராவது வந்து விசாரித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வெள்ளி காலை கிராம சேவகர் வாசல் படலையில் நின்றார். கையில் வாக்காளர் இடாப்புப் படிவம். என்னைக் கண்டதும் ஆச்சரியப்பட்டார். "சேர் கொழும்புக்குப் போகேல்லையோ? வீட்டில அம்மா மட்டும்தான் இருப்பா எண்டெல்லோ நினைச்சன்."

எனக்கு அது போதும். உள்ளே குசினியில் நின்ற மனைவிதான் முதல்நாள் கடைத்தெருவில் கிராம சேவகரைக் கண்டு, எங்கட ஆள் கொழும்புக்குப் பயணமாம் என்று நக்கலடித்திருக்கிறாள், அவர் அதை உண்மையென்று எடுத்திருக்கிறார். நான் விறாந்தையில் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த நேரம் தெரிந்திருந்தாலும் நம்பியிருப்பேனா என்பது சந்தேகம்.

அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது நான் தயாராக இருந்தேன். மனித உரிமை ஆணைக்குழுவுக்கு அந்த ஆள் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

"எழுத்தில ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டு அந்த ஆளிட்டச் சொல்லுங்கோ" என்றேன். "பொறுத்துப் பார்க்கட்டும்."

அவர் தலையாட்டினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஆணைக்குழுவுக்கு நேரத்தோடு முறைப்பாடு கொடுத்தால் அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. இதை நான் பரீட்சையில் கேள்வியாகவே போட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னேன். அன்று பின்னேரம் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன். ஆளை வென்றுவிட்டேன் என்று சந்தோசமாக இருந்தேன்.

பிறகு இரண்டு கிழமைக்கு மேல் அவர் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மீன் வாங்கச் சந்தைக்குப் போன மனைவி, மீன் இல்லாமல், அவரைக் கையில் பிடித்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினாள். வழக்கமாக ஊருக்குப் போய்விடும் பெண் அன்று ஏன் பஸ் நிலையத்தில் தனியாக இருந்து அழுகிறார் என்று பார்த்திருக்கிறாள். அந்தப் பிரச்சினை ஆருடையது, உங்களுடையதா என்று நேரே கேட்டிருக்கிறாள். ஓம் என்று சொல்லியிருக்கிறார்.

"கேட்டன், சொன்னா. அவ்வளவுதான்" என்றாள் என்னைப் பார்த்து. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

அவர் கைப்பையிலிருந்து எட்டாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். பெயர்ப்பட்டியலின் பிரதி. நான் பெயர்களைப் பார்க்கவில்லை, அடியில் இருந்த திகதியைப் பார்த்தேன். விரலால் எண்ணினேன். பிறகு எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய கலண்டரில் எண்ணினேன். முப்பத்தாறு நாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல் காணாது, ஆனால் வேறு சொல் தெரியவில்லை. நீங்கள் என்னை வேவு பார்க்க வந்தவர் என்று நினைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கடதாசியை மறுபடி எட்டாக மடித்தார். மனைவி அவருக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

ஒரேயொரு வழி இருந்தது. காலம் கடந்ததற்கு மனுதாரர் காரணமல்ல என்று காட்டினால் நீதிமன்றம் சிலவேளை இரங்கும். கொழும்பில் சட்டத்தரணியாக இருக்கும் என் பழைய மாணவி மனுவை எழுத ஒப்புக்கொண்டாள். காரணத்தைச் சொல்லும் சத்தியக் கடதாசியை நான் எழுத வேண்டும். எழுதினேன். இந்தப் பெண்ணை உளவாளி என்று தவறாக எண்ணி, தெரிந்துகொண்டே பிழையான ஆலோசனை சொன்னேன் என்ற வரிக்கு வந்ததும் கை நின்றது. இந்தக் கடதாசி எந்தக் கோப்புக்குள் போகும், யார் மேசையில் யார் வாசிப்பார்கள் என்று மனம் போனது. அந்த நேரத்திலும்! என்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. எழுதி முடித்தேன்.

அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார். இதில் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். படலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். இல்லை சேர், இது போதும் என்றார்.

வழக்கு எடுக்கப்பட்ட நாள் மத்தியானம் மாணவி தொலைபேசியில் கூப்பிட்டாள். நீதியரசர் என் பந்தியை இரண்டு தரம் வாசித்தாராம். பேராசிரியரின் பிழை விளங்குகிறது என்றாராம். ஆனால் இந்தப் பெண்மணி படித்தவர், அரச அலுவலகத்தில் வேலை செய்கிறவர், தன்னுடைய பிரச்சினையை ஏன் வேறு யாருடையதோ போல மறைத்துக் கேட்டார் என்று கேட்டாராம். மாணவியிடம் அதற்குப் பதில் இல்லை. மனு தள்ளுபடி.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். இந்த முறை கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டார்.

"நானும் உங்கள அப்படித்தான் நினைச்ச, சேர்" என்றார். "எங்கட பெரியவர் உங்கட வீட்டுக்கு வந்து போறத நான் கண்டிருக்கன். என்ட பேரச் சொன்னா அவருக்குப் போயிரும் எண்டு பயந்துதான் ஒரு ஆள் எண்டு கேட்ட."

அவருடைய அலுவலகத்தின் தலைவர் என்னோடு ஒன்றாகப் படித்தவர். வருடத்தில் இரண்டு தரம் வருவார், மூட்டு வலியைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போவார். நீதியரசர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இந்த ஒரு வரி கடதாசியில் இருந்திருந்தால் மனு நின்றிருக்கலாம்.

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றேன். "சேர்க்க என்ன இருக்கெண்டு கேட்டனானே."

"அண்டைக்கு வேலை கிடைக்கும் எண்டு ஒரு நம்பிக்கை இருந்த. பெரியவரப் பத்தி உங்களிட்டச் சொன்னா அதுவும் போயிரும் எண்டு பயந்த."

"இப்ப என்னை நம்புறீங்களோ?"



"இப்ப எனக்குப் பறிபோக ஒண்டும் இல்லையே, சேர்" என்றார்.