பால்ச்சாமி அண்ணன் ஓட்டிய பஸ்

தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை என்றால் டிக்கெட் கிழிப்பது பாதி, திட்டு வாங்குவது பாதி; வெயிலில் கால்கடுக்க அந்தப் பஸ்ஸுக்கு நிற்கிற உங்களுக்கும் நம் பாடு தெரியும். அருப்புக்கோட்டை–திருச்சுழி தடத்தில் எனக்கு டிரைவராக வாய்த்தவர் பால்ச்சாமி அண்ணன். யார் கை காட்டினாலும் நிறுத்துவார். அதனால் எப்போதும் லேட். ஐம்பது வயதைத் தொடாமலே போய்விட்டார்.

சீக்கு ஆடு

ஒரு மத்தியானம், ஸ்டாப்பே இல்லாத கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரு பெரியவர் சீக்கு வந்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கை காட்டினார். அண்ணன் நிறுத்தினார். உள்ளே இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அண்ணன் தன் சீட்டுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து ஆட்டைப் படுக்கவைத்தார்.

அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரி வருவதற்குள் அது செத்துப்போனது. திரும்புகிற டிரிப்பில் பெரியவரை ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டோம். இறங்கும்போது அவர் என்னிடம் சொன்னார்: "ஆடு செத்ததக்கூடத் தாங்கிருவேன் தம்பி, டிரைவரு அழுகுறதத்தான் பாக்க முடியல."

தண்ணி பாட்டில்

பிற்பாடு அண்ணனுக்குக் கால் வீங்கியது. பிரேக் மிதிக்க முடியவில்லை. மதுரையில் சோதித்துப் பார்த்து, ரெண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸுக்குப் போக எங்கள் பஸ்ஸிலேயே பயணியாக ஏறி, அருப்புக்கோட்டையில் மதுரை பஸ் பிடிப்பார். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கட்டளை. அந்த வெக்கையில் உதடு வெடித்துக் கிடக்கும். ஆனாலும் பையில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்திருப்பார், கூட வருகிறவர்களுக்கு.

ஒருநாள் பருத்திக்காட்டு வேலை முடிந்து ஏறிய பெண் ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள். பாட்டிலைக் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, உங்களுக்கு வேண்டாமா என்று திருப்பி நீட்டினாள். அண்ணன் சொன்னார்: "எனக்கு ஆகாது தாயி. நீ குடி, பாத்துக்கிட்டு இருக்கேன்."

மாலையோடு போனேன்

அண்ணி தன் கிட்னியைத் தர முன்வந்தது. சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்திரை வெயிலில் ஒரு காலையில் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் மாலையோடு போனபோது வாசலெல்லாம் நம் பஸ்ஸில் வருகிற முகங்கள். அண்ணி அழவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, மெதுவாகச் சொன்னது: "விடியக்கால ஒரு செம்பு தண்ணி கேட்டாக தம்பி. டாக்டரு பேச்சக் கேட்டு, நான் ஒரு மடக்குத்தான் குடுத்தேன்."

ஓட்டின காலமெல்லாம் லேட்டாகவே வந்து நம்மிடம் திட்டு வாங்கிய மனிதர், முந்திக்கொண்டு போனது இந்த ஒன்றுக்கு மட்டும்தான்.