கூத்துக்காரத் தெருவுல கடைசி ஊடு

ஞாயித்துக்கெழமன்னா எங்க தெருவுக்கு ஆளுங்க வருவாங்க. மெட்ராஸ்லேர்ந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல திருவள்ளூர் வந்து எறங்கி, அங்கேர்ந்து வேன் வெச்சிக்கினு வருவாங்க. தலையில தொப்பி, கையில தண்ணி பாட்டிலு, கழுத்துல கேமரா. முன்னாடி ஒரு பொண்ணு வரும். அதுதான் எல்லாரையும் இட்டுக்கினு வந்து, இது இன்னாரு ஊடு, இங்க இன்னா நடந்துச்சின்னு சொல்லிக்கினே நடந்து போவும். பழைய கூத்துக்காரத் தெருவாம், நடந்து பாக்கணுமாம். நாங்க பொறந்ததுலேர்ந்து நடந்துக்கினுதான் கீறோம். எங்கள யாரும் தொப்பி போட்டுக்கினு வந்து பாத்ததில்ல.

நான் மத்தளம் வாசிச்சவன். படிப்பு கெடையாது. எங்கப்பா பள்ளிக்கூடத்துல உட்டாரு, வாத்தியாரு பிரம்ப மேசையில தட்டுன தாளத்துக்கு நான் தொடையில தட்டுனேன்னு தொரத்தி உட்டாங்க. அது வேற கதை. மத்தளத்துக்கு நடுவுல சூளையில கல்லு அறுத்தேன், கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி கட்டுறப்போ மண்ணு சொமந்தேன். இப்ப முட்டி போச்சி. வாசல்ல சேர் போட்டு குந்திக்கினு இருக்கறதுதான் வேல.

அந்தப் பொண்ணு கோயில்லேர்ந்து ஆரம்பிக்கும். அப்பால பாரதம் நடக்கற மைதானம், அப்பால வேஷப் பொட்டி இருக்கற ஊடு, முகவீண ஊதறவரு ஊடு. எதுத்த ஊட்டுல கட்டியங்காரன் வேஷம் கட்டுறவன் கீறான். கூத்துல வந்து சிரிப்பு காட்டுவானே, அவன்தான். எனக்கு மச்சான் மொற. அவன் ஊட்டாண்ட வந்து, இது அழிஞ்சி போற கலைன்னு அந்தப் பொண்ணு சொல்லும். அவன் உள்ள படுத்துக்கினு என்னப் பாத்து கத்துவான், "மாமா, வாராவாரம் வந்து நம்மள அழிச்சிட்டுதான் வேன்ல ஏறுது இது. சித்திரையில கூத்துக்கு நாள் குடுக்க முடியாம நான் ஃபோன ஆஃப் பண்ணி வெச்சிக்கினு கீறேன்." அந்தப் பொண்ணே சிரிச்சிரும். நல்ல பொண்ணுதான். ஒரு தபா எங்க ஆடு ஒருத்தரு தொப்பிய மென்னுடுச்சி. நான் பதறிப் போய்ட்டேன். அதுதான் அவர சமாதானம் பண்ணி உட்டுச்சி.

கடைசி ஊடு எங்க ஊடு. அங்க டீ. என் சம்சாரம் போட்டுக் குடுப்பா.

மொதல்ல எல்லாம் நான் அந்த நேரத்துக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூடுவேன். ஜனம்னா எனக்கு பேஜாரு. ஒரு ஞாயித்துக்கெழம முட்டி வீங்கி, போக முடியல. உள்ள கட்டில்ல படுத்துக்கினு இருந்தேன். வெளிய அந்தப் பொண்ணு பேசறது கேட்டுச்சி. இந்த ஊட்டுல ஒரு கலைஞர் இருந்தாரு, சின்ன வயசு, ராஜா வேஷத்துல அவர மிஞ்ச ஆளில்ல. ஒருநாள் கூத்துல அம்பு பட்டு சாயற கட்டத்துல சாஞ்சாரு. நல்லா ஆடுறாருன்னு ஜனங்க கை தட்டுனாங்க. அவரு எழுந்திருக்கல. கிரீடத்தோட, அரிதாரத்தோட, அப்டியே உயிர் போச்சி. அப்டின்னு சொல்லுச்சி.

வந்தவங்க உச்சுக் கொட்டுனாங்க. என் சம்சாரம் டீ தட்டோட நெலப்படியில நின்னுக்கினு இருந்தா. அவ மொகத்தப் பாத்தேன். கூத்துல முன் வரிசையில குந்தியிருக்கற பொம்பளைங்க மொகம் இருக்குமே, கதை தெரிஞ்சும் தெரியாத மாதிரி, அந்த மொகம்.

அந்தப் பொண்ணு சொன்ன கலைஞரு எங்க புள்ள. ஒரே புள்ள.

அவன் கூத்துல சாவல. திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு ஊர்ல விடிய விடிய ஆடிட்டு வந்தான். நானும் கூடத்தான் வாசிச்சேன். ஊட்டுக்கு வந்து மொகத்துல எண்ணெ தேச்சி அவசர அவசரமா தொடச்சிக்கினு, பேன்ட் மாட்டிக்கினு, மொத ஷிஃப்ட்டுக்கு பைக்க எடுத்தான். கும்மிடிப்பூண்டில கம்பெனில கான்ட்ராக்ட் வேல. லீவு போடுடான்னா போடமாட்டான். பர்மனென்ட் ஆவணும் நைனா, பொண்ணு குடுக்கறவன் கூத்தப் பாத்தா குடுப்பான்? கம்பெனி கார்டப் பாத்துதான் குடுப்பான்னு சிரிப்பான். புதுவாயல் கூட்ரோட்ல லாரி. தூங்கிட்டானோ, இன்னாவோ. யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

ஆஸ்பத்திரில அவன தொடச்சி உடறவரு காதுக்குப் பின்னாடி தேச்சிக்கினே இருந்தாரு. அந்த செவப்பு போவல. ரத்தம் காஞ்சி போச்சி பெரியவரேன்னாரு. நான் பாத்தேன். அது ரத்தமில்ல, அரிதாரம். தண்ணிக்கி போவாது அது. கொஞ்சம் தேங்காண்ண கெடைக்குமாயான்னு கேட்டேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பால வெளிய கடையில ஒரு பாக்கெட்டு வாங்கியாந்து நானே தொடச்சேன்.

இத்த நான் அந்தப் பொண்ணாண்ட சொல்லியிருக்கலாம். சொல்லல. யாரு அதுக்கு இப்டி சொல்லி வெச்சதுன்னு எனக்குத் தெரியும். எங்க ஊட்டு அம்மாதான், என் சம்சாரம். அந்தப் பொண்ணு மொத தபா தண்ணி கேட்டு உள்ள வந்தப்ப, செவுத்துல அவன் வேஷங்கட்டுன போட்டோவ பாத்து யாருன்னு கேட்டுச்சாம். இவ சொல்லியிருக்கா.

கொஞ்ச நாள் கழிச்சி ஒரு சாயங்காலம் அந்தப் பொண்ணு தனியா வந்துச்சி. சம்சாரம் கடைக்கு போயிருந்தா. சேர தள்ளிப் போட்டு குந்துச்சி. கோயிலாண்ட யாரோ வேற மாதிரி சொன்னாங்களாம். பொய்ய சொல்லிக்கினு நாலு பேர இட்டுக்கினு போறது சரியில்ல தாத்தா, நீங்க சொல்றதுதான் சரின்னு வெச்சிக்கிறேன், வேஷத்தோடதான் போனாரான்னு கேட்டுச்சி. மெதுவாத்தான் கேட்டுச்சி, என்ன நோவடிக்கணும்னு இல்ல. ஞாயித்துக்கெழம சொல்றேன் கண்ணுன்னு அனுப்பிட்டேன்.

அன்னிக்கி சோறு துன்றப்ப சம்சாரத்தாண்ட கேட்டேன். ஏம்மே, கட்டுக்கதை கட்டி உட்டுருக்கற, அது வந்து என்னாண்ட கேக்குது, நான் இன்னா சொல்லட்டும்னேன். சண்டைக்கு வருவான்னு நெனச்சேன். அவ தட்டுல மோர் ஊத்திக்கினே சொன்னா.

"அவனுக்கு யாருமே ஆடலயே. அவனே ஆடிக்கினே போய்ட்டான்னா, அப்பால யாரும் ஆட வேணாமில்ல."

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் கீது. ஒருத்தரு செத்தா, காரியத்துக்கு மொத நாளு மோட்சக் கூத்து வைப்பாங்க. பாரதத்துல கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்து, கடைசில உயிரயும் குடுத்து மேல போனாரே ராஜா, அவரு கதை. அந்த ராஜா சாயறப்போ, செத்தவருக்குக் கொள்ளி வெச்ச புள்ள எழுந்து போயி அவரு வாயில பால் ஊத்தணும். ராஜாவுக்கு ஊத்தறது, ஊட்டுல செத்தவருக்கு ஊத்தற மாதிரி. அப்பதான் அந்த ஆளுக்கு வழி தொறக்கும்னு நம்பிக்க. எங்க புள்ள கட்டுனதே அந்த ராஜா வேஷந்தான். சுத்துப்பட்டுல எத்தினியோ ஊட்டு சாவுக்கு அவன் சாஞ்சி, எத்தினியோ ஊட்டுப் புள்ளைங்க அவன் வாயில பால் ஊத்தியிருக்காங்க.

அவனுக்கு வைக்கல. கல்யாணம் ஆவாதவன், புள்ள கெடையாது. கொள்ளி வெச்சவன் நானு. அப்பன் போய் புள்ளைக்குப் பால் ஊத்தற வழக்கம் கெடையாது, அது ஊட்டுக்கு ஆவாதுன்னு பெரியவங்க சொல்ட்டாங்க. எங்க செட்டு வாத்தியாரு, அவனுக்கு அடவு கத்துக் குடுத்தவரு, அவரே வந்து என் கையப் புடிச்சிக்கினு முடியாதுப்பான்னு அழுதாரு. நானும் சரின்னுட்டேன். வழக்கம்னா வழக்கம்தானே. இவ அத்த அன்னிலேர்ந்து உள்ளயே வெச்சிக்கினு இருந்திருக்கா. அந்தப் பொண்ணு தண்ணி கேட்டு வந்தப்போ வெளிய வந்துடுச்சி.

ஞாயித்துக்கெழம வந்துச்சி. அந்தப் பொண்ணு ஜனத்த கேணியாண்ட நிக்க வெச்சிட்டு, எனக்குக் கிட்ட வந்து நின்னுச்சி. நான் சொன்னேன், "வேஷத்தோடதான் கண்ணு போனான். நான்தான் மத்தளம்."

அது தலையாட்டிக்கினு பூடுச்சி.

அதோட முடியும்னு பாத்தா முடியல. அன்னிலேர்ந்து, இவருதான் அப்பா, இவரு கண்ணு முன்னாடிதான் நடந்துச்சின்னு என்ன காட்ட ஆரம்பிச்சிடுச்சி. வந்தவங்க என்ன சுத்தி நிப்பாங்க. எப்டி சாஞ்சாரு, நீங்க வாசிக்கறத எப்ப நிறுத்துனீங்கன்னு கேப்பாங்க. நானும் சொல்லுவேன். வலது பக்கமா சாஞ்சான்னேன் ஒரு தபா. இல்ல, இடது பக்கம், தோள்ல கட்டுற புஜக்கட்ட இடதுலதான ஒடஞ்சிருந்துச்சின்னு உள்ளேர்ந்து சம்சாரம் திருத்துவா. ஜனம் எழுந்து நின்னுச்சின்னு ஒரு வாரம் அவளே சேத்தா. எதுத்த ஊட்டு மச்சான் எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருப்பான். ஊரையே சிரிக்க வைக்கறவன். இத்தப்பத்தி மட்டும் ஒரு கிண்டல் பண்ணதில்ல.

ஆனா ஒண்ணு ஆச்சி. நானும் அவளும் ராவுல படுத்துக்கினு அவனப்பத்தி எதுனா பேசுவோம் முன்னாடி. பைக் வாங்குனப்போ அவன் பொய் சொன்னது, கம்பெனில குடுத்த ஷூவ கூத்துக்குப் போட்டுக்கினு வந்து வாத்தியாராண்ட வாங்குன திட்டு, இப்டி எதுனா. அது நின்னு போச்சி. நான் கம்பெனின்னு எடுத்தாலே அவ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப்பா. கூத்துல செத்தவனுக்கு ஷிஃப்ட் ஏது, பைக் ஏது. ரோட்டுல கெடந்தவன நான் மட்டும் தனியா வெச்சிக்கினு இருந்தேன்.

போன ஞாயித்துக்கெழம. வந்தவங்கள்ள ஒரு அம்மா, எங்க ஊட்டு அம்மா வயசுதான் இருக்கும். கேமரா இல்ல, தொப்பி இல்ல. நான் கதைய சொல்லி முடிச்சேன். மத்தவங்க டீ குடிச்சிக்கினு போட்டோ எடுத்தாங்க. அந்த அம்மா மட்டும் அங்கயே நின்னு, "கடைசியா இன்னா சொன்னாரு உங்க புள்ள?"ன்னு கேட்டுச்சி.

இத்த யாரும் கேட்டதில்ல. அந்தக் கட்டத்துல ராஜாவுக்கு ஒரு பாட்டு வரும், அதுல ஒரு அடிய சொல்லிடலாம்னு யோசன பண்ணிக்கினு இருந்தேன். அதுக்குள்ள நெலப்படியிலேர்ந்து என் சம்சாரம் சொன்னா.

"நாஷ்டா வேணாம்மா, டைமாய்டுச்சி, கேன்டீன்ல பாத்துக்கறேன்னு சொன்னான்."

சொன்னது அவ காதுலயே அப்பறந்தான் உழுந்துச்சி போல. தட்ட கீழ வெச்சா. அந்தப் பொண்ணு என்னப் பாத்துச்சி. நான் தரையப் பாத்துக்கினேன். பேச்ச மாத்திடுவான்னு பாத்தேன். அவ மாத்தல.

"இட்லி அப்பதான் எறக்கி வெச்சேன். ரெண்டாவது துன்னுட்டுப் போடான்னு பின்னாடியே வந்தேன். வண்டிய எடுத்துட்டான். ராவெல்லாம் ஆடுன வவுறு அது, ஒண்ணுமே துன்னாம பூட்டான்." அப்பால "அவனுக்கு யாரும் ஆடலம்மா"ன்னா.

அந்த அம்மா படியேறிப் போயி அவ பக்கத்துல குந்திக்கினாங்க. கூத்து, கம்பெனி, இட்லி, அவங்களுக்கு எது எப்டின்னு புரிஞ்சிதோ இல்லியோ, ஒண்ணும் கேக்கல. மத்தவங்க டம்ளர கையில வெச்சிக்கினு நின்னாங்க. அந்தப் பொண்ணு போலாம்னு கூப்புடாம, கீழ இருந்த தட்டத் தூக்கி ஓரமா வெச்சிச்சி. என் சம்சாரம் மொத மொறையா, அவ வாயால, புதுவாயல்ல அடிச்சிப் போட்டுட்டு போய்ட்டாங்கம்மா எம்புள்ளையன்னு சொல்லி அழுதா.

அந்த அம்மா அவ முதுகத் தடவிக்கினே என் பக்கம் திரும்பி, புதுவாயல் எங்க இருக்குதுங்கன்னு கேட்டாங்க.

கல்கத்தா ரோட்டுல, அவன் கம்பெனிக்குப் போற வழியிலன்னு சொன்னேன்.