வைப்ரேசன் மச்சான்

என் அக்கா வீட்டுக்காரருக்கு அந்தப் பேரை வைத்தவன் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு பண்ணைக்காட்டுக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். பறிக்க ஏறுவது ஒற்றை மூங்கில் ஏணியில். கணுவில் வெட்டாமல் விட்டிருக்கும் கட்டைதான் படி. அதில் ரெண்டு விரல் நிற்கும், மிச்சக் கால் காற்றில் நிற்கும். அன்றைக்கு மச்சான் பாதி உயரத்தில் நின்றுவிட்டார். கால் கடகடவென்று ஆட, மூங்கில் நுனி இலையில் உரசிச் சலசலத்தது. பக்கத்து மரத்தில் இருந்த நான் பேசாமல் என் வேலையைப் பார்த்திருக்கலாம்.

"ஏலே, இங்க பாருங்கலே! நம்ம மச்சான் வைப்ரேசன் மோடுல கெடக்காரு. யாராச்சும் போன் போட்டீங்களா?"

தோட்டமே சிரித்தது. மச்சானும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். அப்புறம் அவர் ஏறவே இல்லை. அடுத்த பறிப்பிலிருந்து எனக்கு ஏணி பிடிக்க வந்தார்.

நான் எட்டாவதோடு நின்றவன். அதிலும் பாதி நாள் பெஞ்சு மேல் நின்றேன், உயரம் பழகியது அங்கேதான் என்று எல்லாரிடமும் சொல்வேன். ஆனால் தை பிறந்துவிட்டால் தாண்டிக்குடியிலிருந்து பெரும்பாறை வரை தோட்டக்காரர்கள் முதல் போன் எனக்குத்தான் போடுவார்கள். அடுத்தவன் மூன்று மரம் முடிப்பதற்குள் நான் ஐந்து முடித்திருப்பேன். நான் வருகிற தேதி தெரிந்த பிறகு பறிப்பைத் தொடங்குகிறவர்களும் உண்டு.

மச்சான் ஏணி பிடிக்க வந்த முதல் வருடமே, ஒரு காலையில் ஈரக் கட்டையில் என் கால் வழுக்கியது. கொடியைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ கட்டையைத் தேடிக் கால் வைத்துவிட்டேன். யாரும் கத்தவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மரத்திலும் முழங்காலில் ஆட்டம் தொடங்கும். அது தொடங்கும்போதே நான் வாயைத் திறந்துவிடுவேன். மேஸ்திரியின் தொப்பை, கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்குகிற பெண்களின் சண்டை, எது கிடைத்தாலும் விடமாட்டேன். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கால் ஒரு நிலைக்கு வந்துவிடும். 'உயிருக்குப் பயமே இல்லாத பய' என்று பேர் எடுத்தது இப்படித்தான்.

இந்த மாசியில் மச்சானுக்குக் காய்ச்சல். பொறுக்குகிற பெண்களில் நான் மதினி என்று கூப்பிடுகிற ஒருத்தி வந்து ஏணி பிடித்தாள். நான் உச்சிக்குப் போனதும் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"என்ன கொழுந்தனாரே, காத்தே இல்ல, ஏணி இந்த ஆட்டம் ஆடுது? எனக்குக் கையெல்லாம் கூசுது!"

எல்லாரும் மேலே பார்த்தார்கள். மூங்கிலைப் பிடித்திருப்பவரின் கைக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெண்டு வருடமாக அதைப் பிடித்திருந்தது மச்சானின் கை. அந்த நினைப்பு முடிவதற்குள் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது.

"ஏணி என்ன பண்ணும் மதினி? எங்க மச்சான் ரெண்டு வருசமா பிடிச்சிருக்காருல்ல, அவரு வைப்ரேசன் இதுக்கும் ஒட்டிக்கிருச்சு!"

மேஸ்திரி கண்ணீர் வரச் சிரித்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் குரங்குத் தொப்பியோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னாலேயே பேச்சு வந்து சேர்ந்திருந்தது. மூன்றாவது படிக்கும் அவர் மகள் கேட்டாள்.

"மாமா, எங்கப்பா தொட்டா ஏணி ஆடுமா?"

"நீ உள்ள போத்தா, அம்மா கூப்பிடுறா பாரு" என்றார் மச்சான். அக்கா கூப்பிடவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா மச்சான்?" என்று கேட்டேன். எது என்று அவர் கேட்கவில்லை.

"நீ வழுக்குன அன்னைக்கே தெரியும். அதுலருந்து நீ மேல வாயத் தொறந்தா நான் கீழ இறுக்கிப் பிடிச்சிருவேன். சில நாளு நீ பேசுற பேச்சுக்கு மணிக்கட்டே வலிக்கும் மாப்ள."

"ஏன் யாருகிட்டயும் சொல்லலீங்க?"

"சொல்லி? ஒனக்கும் ஒரு பேரு வைக்கவா?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். காய்ச்சல் விட்டிருச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

பைக் ரிப்பேர் என்று சொல்லி நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் மச்சான் வந்துவிட்டார். நான் ஏற, அவர் பிடித்தார். பாதி உயரத்தில் முழங்கால் ஆடத் தொடங்கியது. மேஸ்திரியைப் பற்றி ஒன்று நாக்கு நுனிவரை வந்திருந்தது. அதை விழுங்கிவிட்டு, தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மச்சான், எனக்குக் கால் ஆடுதுங்க. பயமா இருக்கு. இறுக்கிப் பிடிங்க."

பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு மதினி கையைத் தட்டினாள்.

"அடி ஆத்தி, நடிப்பப் பாருங்கடி! அப்படியே வைப்ரேசன் மாதிரியே பேசிக் காட்டுறான்!"

மச்சானுக்குப் பேர் வைத்த நாள் சிரிப்பைவிட இது பெரிய சிரிப்பு. 'நெசமாத்தான் சொல்றேன்' என்று இன்னொரு தரம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. கால் விரலுக்கு அடியில் மூங்கிலின் ஆட்டம் அடங்கியது. கீழே மச்சான் இறுக்கிப் பிடித்துவிட்டார். நான் குனிந்து பார்க்கவில்லை.

அன்றைக்கு வாயைத் திறக்காமலே பறித்தேன். வழக்கத்தைவிட ரெண்டு மரம் குறைந்துவிட்டது. என்னாச்சு என்று தோட்டக்காரர் கேட்டார்.

"மரம் ஈரமா கெடக்குதுங்க" என்றேன்.

மச்சான் பக்கத்தில்தான் நின்றார். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.