ஓநாய்ப் பீயும் தூரேயின் ரோஷமும்

எங்கள் ப்யோர்ன்மோ கிராமத்தில் வாயால் ஓநாய் சுடுவதற்குப் பரிசு வைத்திருந்தால், வருஷா வருஷம் தூரேதான் வாங்கியிருப்பான். கையால் ஒன்றுகூடச் சுட்டதில்லை, சட்டம் விடாது. அந்தக் குறையை வாய் தீர்த்துக்கொண்டது. வேட்டைக் குடிலில் காபி கொதிப்பதற்குள் நாலு ஓநாய் செத்து விழும்.

அவனைப் பற்றி வேறு யாரையாவது எழுதச் சொன்னால் நல்லதாக ஏதாவது எழுதுவார்கள். நான் தபால் வண்டி ஓட்டுகிறவள். அவன் பஞ்சாயத்துக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். குளிர்காலம் முழுக்கக் காலை நேரத்தில் அவன் வண்டிக்குப் பின்னால்தான் என் வண்டி ஊரும். ஒருத்தனின் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருஷம் போனவளுக்கு அவன்மீது பெரிய மரியாதை எங்கிருந்து வரும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓநாய் பெருகியது பொய்யில்லை. முன்பெல்லாம் ஒரு சீசனுக்குப் பன்னிரண்டு எல்க் மான் சுட்டுப் பங்கு போட்ட வேட்டைக் கூட்டம் எங்களுடையது. போன வருஷம் மூன்று. நாயை அவிழ்த்துவிட்டு வேட்டையாடுவது எங்கள் வழக்கம். நாய் தனியாகப் போய் மானைக் கண்டுபிடித்து, நகரவிடாமல் நிறுத்திக் குரைக்கும். நாங்கள் மெல்லப் போய்ச் சுடுவோம். இப்போது அந்தக் குரைப்பைக் கேட்டு எங்களுக்கு முன்னால் ஓநாய் வந்து நிற்கிறது. பாதிப் பேர் நாயை வீட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். ஸ்டாக்ஹோமில் ஓநாய்ப் படம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறவர்களுக்கு இது ஏறாது. ஒரு ராத்திரி நாயைத் தேடி அவர்கள் காட்டில் அலைந்ததில்லை.

ஆனால் அவர்களைவிட எங்கள் ஆட்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிகிறது.

ஓநாயைச் சுட அனுமதி வேண்டுமென்றால், இந்தக் காட்டில் ஓநாய்க் குடும்பம் குடியிருக்கிறது என்று மாவட்ட அலுவலகம் எண்ணிப் பதிந்திருக்க வேண்டும். பனி விழுந்ததும் எண்ணுவார்கள். தடத்தைப் பின்தொடர்ந்து போவார்கள், பீயைப் பொறுக்கி ஆய்வுக்கு அனுப்புவார்கள். இந்த வேலைக்கு வருகிறவள் மைக்கேன். நாங்கள் தடத்தைப் பார்த்தால் அவளுக்குப் போன் போட வேண்டும், பீயைப் பார்த்தால் பையில் போட்டு வைக்க வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் வாயை மூடிக்கொண்டு அதைத்தான் செய்தார்கள். எங்கள் கூட்டத்துக்குத் தலைவன் தூரே. தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கவர்மெண்டுக்கு நான் பீ பொறுக்கணுமா?” என்றான் குடிலில், தொடையைத் தட்டிக்கொண்டு. “எங்க இருக்குன்னு தெரிஞ்சா போட்டோ புடிக்கிறவன் பூரா வந்து நிப்பான். அப்புறம் கவர்மெண்டு நம்மளயே காட்டுக்குள்ள விடாது. எண்ணவே விடக் கூடாது.”

“எண்ணாம எப்படிப்பா அனுமதி குடுப்பாங்க?” என்று கேட்டேன்.

“நாப்பது இருக்குன்னு நான் சொல்றேன்ல. அது போதாதா யெர்தா?”

நாற்பது ஓநாய் எங்கள் காட்டில் இருந்திருந்தால் தூரேயும் இருந்திருக்க மாட்டான், அவன் சொல்வதற்குத் தலையாட்டிய மற்ற ஆண்களும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆட்டினார்கள். அவனுக்குக் கோபம் வந்தால் வேட்டையில் மான் வராத மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவான் என்ற பயம்.

சொன்னதோடு விட்டானா? அதுதான் இல்லை. பனி தள்ளும் வண்டியில் அவன் பக்கத்து இருக்கையில் ஒரு சிவப்புக் கம்பளி விரித்திருக்கும். அதன்மேல் தாஸா உட்கார்ந்திருப்பாள். சாம்பல் நிற வேட்டை நாய், நிமிர்ந்த காது, சுருண்ட வால். மனைவி பிரிந்துபோனபோதுகூட அசராதவன், தாஸாவின் காலில் முள் குத்தியதற்கு வேலைக்கு லீவு போட்டான். ஓநாய் சாலையைக் கடந்த இடம் வந்தால் தாஸாவுக்குப் பிடரி மயிர் நட்டுக்கொள்ளும். உடனே வண்டியை நிறுத்துவான். இறங்குவான். குனிந்து தடத்தோடு காட்டுக்குள் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு வருவான். பிறகு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, இரும்புத் தட்டை இறக்கி, சாலையையும் ஓரத்தையும் சேர்த்து வழித்துத் தள்ளுவான். பின்னால் தபாலோடு நான் காத்திருப்பேன். மைக்கேன் வரும்போது தடம் இருந்த இடத்தில் ஒரு பனி மேடுதான் இருக்கும். இதைச் சாயங்காலம் குடிலில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

வசந்தத்தில் ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மைக்கேன் எழுந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் குடும்பம் பதிவாகியிருக்கிறது, அவர்களுக்கு வேட்டை அனுமதி கிடைக்கும் என்றாள். “உங்க காட்டுல எதுவும் பதிவாகல. ஒத்த ஓநாய் ஒண்ணு கடந்து போயிருக்கு, அவ்வளவுதான்.”

தூரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “நாப்பது இருக்கு.”

“ஒரு தடம் காட்டு.”

“காட்டுறது என் வேலையா? சம்பளம் வாங்குறவ நீ.”

“வாங்குறேன், இல்லேங்கல. நான் வந்த அன்னிக்கெல்லாம் ரோடு துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. உங்க ஊர்ல பனி தள்ளுறவர் ரொம்பப் பொறுப்பான ஆளு.”

கூடமே தலையைக் குனிந்து சிரித்தது. அந்த மடையன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

அக்டோபரில் எல்க் வேட்டை தொடங்கியது. முதல் நாள் காலை குடில் வாசலில் மூன்று பேர் நாயைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூரே அவர்களைப் பார்த்து, “என்னப்பா, நாயக் காத்தாடக் கூட்டிட்டு வந்தீங்களா?” என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

“தூரே, தாஸாவையும் கயித்துலயே வச்சுக்க. நாப்பது ஓநாய்னு நீதான சொல்றே?”

“ஆபீஸ்ல ஒண்ணுமே இல்லேன்னு எழுதிட்டாங்களே யெர்தா. அப்புறம் என்ன பயம்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக நாயை அவிழ்த்துவிட்டான்.

நானும் அவனும் ஒரே மேட்டில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் சதுப்புப் பக்கமிருந்து தாஸாவின் குரைப்பு கேட்டது. மானை நிறுத்திவிட்டாள். தூரே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான், நான் பின்னாலே போனேன். பாதி வழியில் குரைப்பு நின்றுவிட்டது. தாஸாவின் கழுத்துப்பட்டை எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். திரையில் புள்ளி எங்களை நோக்கி வேகமாக வந்தது. பிறகு நின்றது.

“மறுபடி நிறுத்திட்டா மானை,” என்றான்.

குரைப்பே இல்லை. மானை நிறுத்திய நாய் குரைக்காமல் இருக்காது என்று அவனுக்குத் தெரியாதா? அவன் ஓட ஆரம்பித்தான்.

அவளிடம் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அவனை நோக்கித்தான் ஓடி வந்திருக்கிறாள், ஓநாய்கள் பின்னாலேயே துரத்திப் பிடித்திருக்கின்றன. கழுத்துப்பட்டை மட்டும் சேதமில்லாமல் இருந்தது. தூரே மேல்சட்டையைக் கழற்றி அவளைச் சுற்றினான். வண்டி நின்ற இடம் வரைக்கும் அவனே தூக்கிக்கொண்டு வந்தான், என்னைத் தொடவிடவில்லை. அந்த நேரத்தில் அவனுக்காக எனக்கு அழுகை வந்தது. அடுத்த நிமிஷம் அவனை அறையவேண்டும் போலவும் இருந்தது.

மைக்கேன் வந்து காயங்களைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை ஆய்வுக்கு எடுத்துப்போனாள். ஓநாய்தான் என்று ஆய்வில் தெரிந்தது. கொன்ற ஓநாய்களைச் சுட அனுமதி கேட்டு தூரே எழுதிப் போட்டான். பதிலை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முன்னாலேயே பிரித்தான்.

“குடியிருக்கிற ஓநாய் இந்தக் காட்டுல பதிவாகலியாம். வழிப்போக்கா வந்ததா இருக்குமாம். மறுபடி நடக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்லியாம். கேட்டியா யெர்தா, ஆதாரம் இல்லியாம்.”

“இருந்த ஆதாரத்த நீதான ஓரமா வழிச்சுத் தள்ளினே.”

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

டிசம்பரில் பெரும் பனி விழுந்த மறுநாள் காலை, மர ஆலை வளைவைத் தாண்டியதும் என் வண்டி தள்ளாத பனியில் முட்டி நின்றது. முன்னால் தூரேயின் வண்டி இரும்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கும் அவனுக்கும் நடுவில் சாலை தள்ளாமல் கிடக்கிறது.

“என்னய்யா வேலை பாக்குறே?” என்று கத்தினேன். “தபால் கெடக்குது.”

“கெடக்கட்டும். அந்தக் குச்சிக்கு இந்தப் பக்கம் மிதிக்காதே.”

சாலையின் குறுக்கே போன தடத்துக்கு இரண்டு பக்கமும் குச்சி நட்டு வைத்திருந்தான். கையில், இறைச்சியைக் கட்டி உறைபெட்டியில் வைக்கிற பை. அதற்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கவர்மெண்டுக்குப் பொறுக்க மாட்டேன் என்ற மகராசன், அதைக் கையில் ஏந்திக்கொண்டு குளிரில் நின்றான். மைக்கேனுக்கு அவனே போன் போட்டிருந்தான்.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். ஓநாய்கள் ஒன்றின் காலடியில் ஒன்று கால் வைத்து வரிசையாகப் போயிருந்தன. பார்த்தால் ஒரே ஓநாய் போனதுபோல இருந்தது.

“அஞ்சு,” என்றான் தூரே. “உள்ள அந்தப் பெரிய பைன் மரத்துக்கிட்டத் தடம் பிரியும். போய் எண்ணிக்க.”

மைக்கேன் போய்விட்டு வந்தாள். “அஞ்சுதான். நாப்பதுன்னு சொன்னியே.”

“வாய்க்கு வந்ததச் சொன்னேன்.”

“ஆனா மரம் வரைக்கும் உன் கால் தடமே இல்லியே. பிரியுற எடத்த எப்படிப் பாத்தே?”

“போன வருஷமும் அங்கதான் பிரிஞ்சுது. போன வருஷமும் அஞ்சுதான்.” அவளைப் பார்க்காமல் தன் வண்டியையே பார்த்துக்கொண்டு சொன்னான். “எறங்கி எண்ணிப் பாத்துட்டுத்தான் வழிச்சேன்.”

மைக்கேன் பையை வாங்கிக்கொண்டாள்.

“ஆத்துப் பாலத்துக்கிட்டயும் கடந்திருக்கு,” என்றான் தூரே. “இன்னும் தள்ளல. வந்தாக் காட்டுறேன்.”

“சரி, உன் வண்டியிலயே வரேன்,” என்று சொல்லிக்கொண்டே மைக்கேன் அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து, ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள். இருக்கையில் சிவப்புக் கம்பளி விரித்தபடியே இருந்தது, அதில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது.

“அங்க உக்காராதே,” என்றான்.

அவள் காலைக் கீழே வைத்தாள். கதவை மெல்லச் சாத்திவிட்டு, குச்சிகளைச் சுற்றிக்கொண்டு என் தபால் வண்டியில் ஏறிக்கொள்ள நடந்து வந்தாள்.