வலது கை வாட்ச்

எங்கள் வீட்டில் வாட்ச் கட்டிய முதல் பெண் என் சித்திதான். அம்மாவின் தங்கை. தாத்தா காலமானபிறகு திருவண்ணாமலைக்கு வந்து எங்களோடே தங்கிவிட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. டிரங்க் கால் பேசுகிறவர்களுக்கு நேரம் பார்த்து வெட்டிவிட வேண்டும் என்பதால், முதல் சம்பளத்திலேயே கறுப்புத் தோல்பட்டை போட்ட வாட்ச் ஒன்று வாங்கினாள். அதை வலது கையில் கட்டிக்கொண்டாள். அவளுக்கு எழுதுவது, கோலம் போடுவது, காய் நறுக்குவது, என் பின்னலை வலிக்க வலிக்க இழுத்துக் கட்டுவது எல்லாமே இடது கைதான். சாப்பிடுவதை மட்டும் சின்ன வயதிலேயே அடித்து வலது கைக்கு மாற்றியிருந்தார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருந்தது. அந்தக் கையால் விளக்கேற்றினால் குடும்பம் விளங்குமா, அந்தக் கையால் பரிமாறினால் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுக் கேட்டே ஒன்றிரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன. அதனால் கீழ்பென்னாத்தூரிலிருந்து அந்த வரன் வந்தபோது, இந்த முறை கேள்வியே எழக்கூடாது என்று அப்பா முடிவு செய்தார். மாப்பிள்ளை வீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். வண்டி வண்டியாகக் காய் வந்து இறங்கும் மண்டியை மாப்பிள்ளைதான் பார்த்துக்கொண்டார். அவருடைய போட்டோ சித்தியின் தலையணைக்கு அடியில் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாட்சே வேண்டாம், கழற்றி வைத்துவிடலாம் என்றாள் அம்மா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகிற பெண் என்பதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே பெருமை, வாட்ச் இல்லாவிட்டால் அது எப்படித் தெரியும் என்பது அவர் வாதம். ஆகவே வாட்ச் இடது கைக்கு மாறியது. அதில் ஒரு சங்கடம். தினமும் சைக்கிளில் போய் வந்து சித்தியின் கைகள் கறுத்திருந்தன. வாட்ச் இருந்த இடம் மட்டும் வலது மணிக்கட்டில் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. அம்மா தன் கண்ணாடி வளையல்களையெல்லாம் கொண்டுவந்து அதன்மேல் அடுக்கினாள்.

"என்னக்கா, யார் கையோ மாதிரி இருக்கு" என்றாள் சித்தி.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கடி. நல்ல எடம்."

எனக்கு அன்றைக்குத் தண்ணீர் கொடுக்கும் உத்தியோகம். மாப்பிள்ளை போட்டோவில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தார். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போடாமல் விட்டிருந்தார். நான் டம்ளரை நீட்டியதும் அவருடைய இடது கை முன்னால் வந்தது. அவர் அம்மா இருமினார். உடனே அந்தக் கை உள்ளே போய், வலது கை வந்தது. கொஞ்சம் தண்ணீர் என் பாவாடையில் சிந்தியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

சித்தி காப்பித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டு நமஸ்காரம் செய்து உட்கார்ந்தாள். எல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது. பெண் ஊமை இல்லை என்று தெரிந்துகொள்ள யாராவது ஏதாவது கேட்கவேண்டும் அல்லவா? மாப்பிள்ளையின் தாய்மாமன் பஜ்ஜியை மென்றபடி கேட்டார்.

"மணி என்னம்மா ஆவுது? வாட்ச் கட்டியிருக்கியே."

சித்தி சட்டென்று வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். வளையல்கள் அத்தனையும் சலசலவென்று சரிந்தன. பட்டை வெள்ளையாக வெளியே தெரிந்தது. அவசரமாக இடது கையைப் பார்த்தாள். மணி எத்தனை என்று சொன்னாளா என்பது நினைவில்லை.

"ஏம்மா, உனக்கு நொட்டாங்கையா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

சித்தி தலையைத் தூக்கினாள். நேராக மாப்பிள்ளையைப் பார்த்து, "ஆமாங்க" என்றாள்.

"சாப்புடறது வலது கையிலதாங்க!" என்று அப்பா குறுக்கே விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ராகுகாலம் வருவதற்குள் கிளம்பவேண்டும், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள்.

சாயங்காலம் கிணற்றடியில் சித்தி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் போலிருந்தது எனக்கு.

"சித்தி, மாப்பிள்ளைகிட்ட ரெண்டு வாட்ச் இருக்கு, தெரியுமா?"

"ரெண்டா?"

"ஒண்ணு இடது கையில கட்டியிருந்தார். இன்னொண்ண வீட்லயே வச்சிட்டு வந்துட்டார். வலது கையில உன்னுது மாதிரியே வெள்ளையா பட்டை இருந்துச்சு. தண்ணி வாங்கறப்ப பாத்தேன்."

சித்தியின் கை நின்றது. "வலது கைதானா? நல்லாப் பாத்தியா?"

"ஆமா. மொதல்ல இடது கையத்தான் நீட்டினார். அவங்கம்மா இருமினதும் வலது கைய நீட்டினார்."

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். நான் சொன்ன நல்ல செய்தி வேலை செய்கிறதென்று எனக்கும் சந்தோஷம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான் ஆமாங்கன்னு சொன்னப்ப அவர் என்னடி பண்ணார்?"

"சட்டைக் கைய கீழ இழுத்துவிட்டுக்கிட்டார்."

அவள் வளையல்களைக் கழற்றினாள். வாட்சை வலது கைக்கு மாற்றிக் கட்டினாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. வேலூரிலிருந்து வந்த அடுத்த வரனுக்கு முன்னால் சித்தி வாட்ச் இல்லாமல்தான் உட்கார்ந்தாள். ஒரு தப்பும் நடக்கவில்லை, கல்யாணம் முடிந்தது. பெரியவளான பிறகு ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனபோது, மாமியாருக்கு முன்னால் வலது கையால் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். தீக்குச்சி ஒவ்வொன்றாக உடைந்தது. வாட்ச் எங்கே சித்தி என்று கேட்டதற்கு, சுவரில்தான் கடிகாரம் இருக்கிறதே என்றாள். கிணற்றடியில் நான் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அந்தப் போட்டோவையாவது நல்லவர் ஒருவரின் போட்டோவாக அவள் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? கழுவிய டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன். அவள் அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. இவ்வளவு பெரிய பணக்காரர் கைவிட்டுப் போனால் யாருக்குத்தான் அழுகை வராது?

"சித்தி, உன்னக் கட்டிக்கிட்டிருந்தா அந்த ரெண்டு வாட்ச்ல ஒண்ண உனக்கே குடுத்திருப்பார் இல்ல?" என்று கேட்டேன்.