பச்சைத் துணி கட்டிய கோழி

"இது கடையில வாங்கினதுதானே?" குழம்புச் சட்டியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்டார். அப்படியே என் அப்பாவின் குரல்.

எண்பதுகளில் இண்டூரில் எங்கள் தெருக் கோழிகள் எல்லாம் கலந்துதான் மேயும். அடையாளத்துக்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒரு நிறத் துணியைக் காலில் கட்டிவிடுவார்கள். எங்களுடையது பச்சை. தீனி போட்ட கையால் எப்படித் தின்பது என்று அப்பா வீட்டுக் கோழியைத் தொடமாட்டார். கறி வாசம் வந்தால் கூடையைத் தூக்கிக் கோழிகளின் காலைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

ஒருநாள் அம்மா எங்கள் செவலைக் கோழியைக் குழம்பு வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் அதே நிறத்தில் ஒன்றை வாங்கி, பச்சைத் துணியைக் கட்டிக் கூடையில் அடைத்தாள். அப்பா கூடையைப் பார்த்தார், சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டார்.

காலையில் கூடையைத் திறந்ததும் அந்தச் செவலை நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போனது.

"நம்ம கோழிக்கு அந்த வூட்ல என்ன வேலை?"

"மேயப் போவுதுங்க," என்றாள் அம்மா.

சாயங்காலமும் அது அங்கேதான் போய் அடைந்தது. அதற்குப் பிறகு அம்மா கையால் அப்பா கோழிக்கறியே தின்னவில்லை.

"கடைக்கோழிதாங்க. நம்ம செவலை கூண்டுலதான் இருக்குது, போய்ப் பாருங்க," என்றேன் வீட்டுக்காரரிடம். அவர் பார்க்கப் போனார்.

பார்க்கட்டும். அது தொப்பூரிலிருந்து வந்த கோழி. திரும்பிப் போக அதற்கு வழி தெரியாது.