லோர்னா வெட்டி எறிந்த மூச்சு

மேடையில் இயர்போன் வழியே எங்கள் காதுக்குள் என்ன விழ வேண்டும் என்று தீர்மானிப்பவள் லோர்னா ப்ரூயிட். கூட்டத்துக்குக் கேட்பது வேறு ஆளின் பொறுப்பு. எங்களுக்குக் கேட்பது மட்டும் இவள் கையில். மேடை ஓரத்தில் ஒலிப்பலகையோடு உட்கார்ந்திருப்பாள். விரலை மேலே காட்டினால் கூட்டுவாள், கீழே காட்டினால் குறைப்பாள். நான் பேஸ் கிட்டார்க்காரன். காலமெல்லாம் மேலே காட்டிக்கொண்டே இருக்கிறேன், அம்மணி கண்டுகொண்டதே இல்லை.

யங்ஸ்டவுனில் இரும்பு ஆலை மூடியபோது வேலை இழந்தவரின் மகள். சர்ச்சில் போதகரின் மைக்கைக் கவனித்துத் தொழில் பழகியவள். இரண்டாயிரத்து இரண்டில் எங்கள் 'கோல்ட் ஃபர்னஸ்' குழுவின் ஒரே ஒரு பாட்டு ரேடியோவில் ஓயாமல் ஓடியபோது எங்களோடு சேர்ந்தாள். இரண்டு கல்யாணம், இரண்டும் ரத்து. கோபம் வந்தால் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு நாங்கள் மேடையில் செத்து விழுந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை.

அந்தப் பாட்டைப் பாடிய டேரன் ஸாபோவைப் போதை ஊசி கொண்டுபோய்விட்டது. டிரம்ஸ் வாசிக்கும் கர்டிஸ் அவன் தம்பி. பாடியவன் போனாலும் பாட்டு சோறு போடுகிறதே! பிரைஸ் என்று புதுப் பாடகன் ஒருவனைப் பிடித்துப் போட்டோம். அரங்கங்களில் வாசித்த நாங்கள், ஒஹையோவின் ஊர்ப்புறக் கவுன்டி கண்காட்சிகளில், பட்டப்பகலில், பன்றி ஓட்டத்துக்கும் டிராக்டர் பந்தயத்துக்கும் நடுவே வாசிக்க ஆரம்பித்தோம்.

எங்களிடம் கீபோர்டுக்கு ஆள் இல்லை. பழைய ஒலிப்பதிவிலிருந்து எடுத்த கீபோர்டும் பின்குரலும், தாளத்துக்கு ஒரு டிக் டிக் ஓசையும் கர்டிஸின் காதில் ஓடும். அதை ஒட்டித்தான் அவன் வாசிப்பான். போன கோடையில் ஒரு நாள், நானும் லோர்னாவும் நின்றிருந்த வேனுக்குப் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னான்.

"லோர்னா, டேரன் வர்றான். ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் மூச்சு இழுக்கிறான். என் காதுல கேக்குது."

"வெயில்ல பியரைக் குறைடா."

"சத்தியமா. ரொம்பச் சன்னமா இருக்கு. கொஞ்சம் கூட்டி விடேன்."

அதன் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கர்டிஸின் விரல் மேலேயே நின்றது. அவனுக்கு இடது காது ஏற்கெனவே போய்விட்டது. இந்தச் சத்தத்தில் வலதும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காது போனால் டிரம்ஸ் போச்சு, டிரம்ஸ் இல்லாமல் கர்டிஸுக்கு வேறு பிழைப்பே தெரியாது.

லோர்னா அந்தப் பதிவை எடுத்துத் தனியாகப் போட்டுக் கேட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தாள். இருந்தது. உள்ளே இழுக்கும் மூச்சு, அப்புறம் ஒன்றுமே இல்லை. மறுபடி மூச்சு.

"பிரைஸ் பாடுறதுக்காக ஸ்டூடியோக்காரனுங்க டேரனோட வார்த்தையை மட்டும் வெட்டியிருக்கானுங்க. மூச்சை அப்படியே விட்டுட்டானுங்க. சோம்பேறிப் பசங்க" என்றாள். "இதைக் கேக்குறதுக்குத்தான் அவன் காதைக் கெடுத்துக்கிறான். நான் எடுத்துடப் போறேன்."

"கர்டிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொன்னா விடுவானா? அவனுக்கு அண்ணன் போயாச்சு. காதாவது மிஞ்சட்டும்."

ஒவ்வொரு மூச்சாகத் தேடி அழித்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கண்காட்சியில் பிரைஸ் அந்தப் பாட்டை எடுத்தான். எதிரே சர்க்கரை தூவிய பலகாரத்தோடு குடும்பங்கள் கூடவே பாடின. முதல் வரியிலேயே கர்டிஸின் விரல் கீழே போயிற்று. இத்தனை காலத்தில் அவன் குறைக்கச் சொன்னதே இல்லை. லோர்னா குறைத்தாள். விரல் மறுபடி கீழே குத்தியது. இன்னும் குறைத்தாள். கடைசியில் அவன் காதுக்குப் போகும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி அவனுக்குக் காட்டினாள். அவன் காதிலிருந்து ஒயர்களைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். அதற்குப் பிறகும், ஒரு கையால் வாசித்தபடியே, மற்றக் கை விரலைக் கீழே கீழே என்று காட்டிக்கொண்டே இருந்தான்.

பாட்டு முடிந்ததும் லோர்னா ஓடிப்போய் அவன் வலது காதுப் பக்கம் குனிந்தாள்.

"என்னடா பண்ணுது? ஒண்ணுமே ஓடலையே உனக்கு."

கர்டிஸ் வேர்த்துக் கொட்டியபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டேரன் பாடுறான், லோர்னா. பாட்டு முடிஞ்சும் நிறுத்தல. வரிக்கு நடுவுல மூச்சே இழுக்க மாட்டேங்கிறான். மூச்சு முட்டுது அவனுக்கு. எங்கயாவது ஒரு இடத்துல மூச்சு விடச் சொல்லு."

வெட்டிய மூச்சில் ஒன்றைக்கூட லோர்னா எங்கேயும் சேமித்து வைத்திருக்கவில்லை.